எல்லாருக்கும் ஒரே வாசல்

(தாம்பரம் பகுதி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கணினியும் துணைக்கருவிகளும்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். மதிய உணவு முடிந்த கையோடு இந்தத் தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். என்மீது எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன். நான் கணினி ஆசிரியர் இல்லை. இருபத்தோரு ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். கணினி எனக்கும் பின்னால் கற்றுக்கொண்ட பாடம்தான். அதனால் எனக்குப் புரிந்த அளவில், நம் வகுப்பறை மொழியிலேயே சொல்கிறேன்.

இன்று பேசப்போவது யூ.எஸ்.பி. என்ற மூன்றெழுத்தைப் பற்றி. பென்டிரைவ் செருகுகிறோமே, அந்தத் துளை. ஆனால் இங்கிருந்து புறப்படும்போது உங்கள் மனத்தில் நிற்க வேண்டியது அந்தத் துளை அன்று, ஒரு மாணவி. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் நம் ஊர் ரயில் நிலையத்துக்கு ஒருமுறை போய்வருவோம்.

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அது மீட்டர் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர். சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் ரயில்கள் அகலப் பாதையில் ஓடின. அங்கே இடைவெளி 1676 மில்லிமீட்டர். வித்தியாசம் வெறும் இரண்டேகால் அடி. அந்த இரண்டேகால் அடியால், வடக்கே இருந்து வந்த பெட்டி அப்படியே தெற்கே போக முடியாது. சரக்கை இறக்கி, வேறு பெட்டியில் ஏற்ற வேண்டும். பயணிகள் சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சோடு எழும்பூருக்கு ஓட வேண்டும். பெட்டியில் குறையில்லை. எஞ்சினிலும் குறையில்லை. அளவில் உடன்பாடு இல்லை, அவ்வளவுதான். நம் தடத்தில் மீட்டர் பாதை மின்சார ரயில் 2004 வரை ஓடியது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அதில் ஏறிப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போயிருப்பீர்கள்.

‘உடன்பாடு’ என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தரநிலை, தரநிலை என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதற்கு எளிய பொருள் அதுதான். நீயும் நானும் முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் நீ செய்த பொருள் நான் செய்த பொருளோடு சேரும். அதற்கு இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஓர் அளவு.

இப்போது கணினிக்கு வருவோம். 1990களில் ஒரு கணினியின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அச்சுப்பொறிக்கு இருபத்தைந்து ஊசிகள் கொண்ட அகலமான இணைப்பு. மோடத்துக்கு ஒன்பது ஊசிகள். விசைப்பலகைக்கு ஊதா நிறத்தில் ஒரு வட்டத் துளை, சுட்டிக்கு அதே அளவில் பச்சை நிறத்தில் இன்னொன்று. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் பிடுங்கக் கூடாது, செருகவும் கூடாது. புதுக் கருவி வாங்கினால் வட்டைப் போட்டு, அமைப்பை மாற்றி, கணினியை அணைத்துப் போட வேண்டும். இரண்டு கருவிகள் ஒரே வழியைக் கேட்டுச் சண்டை போட்டால் இரண்டுமே வேலை செய்யாது.

எங்கள் பள்ளிக்கு முதலில் வந்த கணினிகளில் இந்த ஊதாவும் பச்சையும் இருந்தன. ஒரு நாள் ஒரு மாணவன் சுட்டியின் இணைப்பை ஊதா துளையில் அழுத்தி, ஊசியை வளைத்துவிட்டான். அந்தக் கணினி மூன்று மாதம் சும்மா கிடந்தது. அன்று நான் செய்ததை இன்று மறைக்க விரும்பவில்லை. அறையைப் பூட்டினேன். ‘தொடாதே’ என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன். கணினிக்கு வந்த பயம் மெல்ல எனக்கும் தொற்றி, பிறகு மாணவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1994இல் ஏழு நிறுவனங்கள் ஒன்று சேர்ந்தன. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பேக், டெக், என்.இ.சி., நார்டெல். சந்தையில் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டவர்களும் இதில் உண்டு. இன்டெல்லில் இந்த வேலையில் முன்நின்றவர் அஜய் பட். குஜராத்தின் வடோதராவில் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வீட்டில் மனைவி அச்சுப்பொறியோடு பட்ட பாட்டைப் பார்த்ததும் ஒரு தூண்டுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார். ‘மின்சாரப் பிளக்கைச் செருகுவதுபோல் இதுவும் எளிதாக இருக்கக் கூடாதா?’ என்பதுதான் அவருடைய கேள்வி. தனி ஒருவர் செய்த வேலை அன்று இது, குழுவின் வேலை. 1996 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. இன்டெல் இதற்கான தன் காப்புரிமைகளை உரிமத்தொகை கேட்காமல் மற்றவர்கள் பயன்படுத்த விட்டது. எல்லாரும் பயன்படுத்தினால்தானே தரநிலை? நுழைவுக் கட்டணம் போட்டிருந்தால் அது இன்னொரு மீட்டர் பாதையாகத்தான் போயிருக்கும்.

பெயரையும் பாருங்கள். யுனிவர்சல் சீரியல் பஸ். யுனிவர்சல் என்றால் பொதுவானது. சீரியல் என்றால் தகவல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போவது. பஸ்? சாலையில் ஓடுகிறதே ஆம்னி பஸ், அதே சொல்தான். ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வால் அது. ‘எல்லாருக்கும்’ என்று பொருள்.

பிறந்தவுடன் நடந்துவிட்ட குழந்தை அன்று இது. 1998 ஏப்ரலில் சிகாகோவில் ஒரு கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். விண்டோஸ் 98 வெளிவரப் போகிறது. ஒரு ஸ்கேனரை யூ.எஸ்.பி. வழியாகச் செருகியதும் கணினி தானாகவே அதை அடையாளம் கண்டுகொள்ளும் என்று அவருடைய உதவியாளர் செய்துகாட்டினார். செருகியவுடன் திரை நீலமாகி நின்றுவிட்டது. அரங்கமே சிரித்தது. இதனால்தான் இன்னும் இதை விற்பனைக்கு விடவில்லை போலும் என்று பில் கேட்ஸ் சிரித்துக்கொண்டே சமாளித்தார். மாவட்டக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும் நாளில் மட்டும் நம் சோதனை வேலை செய்யாமல் போவது உலக வழக்கம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிள் தன் ஐமேக் கணினியில் விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் இருந்த பழைய இணைப்புகளை எடுத்துவிட்டு யூ.எஸ்.பி.யை வைத்தது. 2000இல் இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் பதிப்பின் உச்ச வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். இரண்டாவது 480. அதன் பிறகு இது பரவிய கதை நமக்கே தெரியும்.

சரி, செருகியவுடன் உள்ளே என்னதான் நடக்கிறது? நாம் ஜூன் மாதத்தில் செய்கிற அதே வேலைதான், மாணவர் சேர்க்கை.

உங்களிடம் பழைய செவ்வக முனை யூ.எஸ்.பி. வடம் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். நான்கு பட்டைகள் தெரியும். ஓரங்களில் உள்ள இரண்டும் சற்று நீளம், நடுவில் உள்ள இரண்டும் குட்டை. ஓரத்துப் பட்டைகள் மின்சாரத்துக்கு, நடுப் பட்டைகள் தகவலுக்கு. செருகும்போது நீளமான பட்டைகள் முதலில் தொடும். அதாவது, கருவிக்கு முதலில் மின்சாரம் கிடைக்கும், பேச்சு பிறகுதான். முதலில் சோறு, பிறகு பாடம். மதிய உணவிலும் இப்போது காலை உணவிலும் நம் பள்ளிகள் கண்ட அதே முறை.

புதிதாகச் சேரும் மாணவனுக்கு வரிசை எண் இருக்காது. கருவிக்கும் அப்படித்தான். உள்ளே நுழையும்போது அதன் எண் பூச்சியம். கணினி அதைக் கேட்கும்: ‘நீ யார்?’ கருவி தன் விவரத்தைச் சொல்லும். என்னைச் செய்தவர் யார், நான் என்ன பொருள், எந்த வகையைச் சேர்ந்தவன், எனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும். இதற்கிடையில் கணினி அதற்கு 1 முதல் 127 வரை ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். ஏன் 127 என்று கணித ஆசிரியர்கள் கேட்பீர்கள். எண்ணுக்கு ஏழு பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டின் ஏழாம் அடுக்கு 128. அதில் பூச்சியம் எப்போதும் புதிதாக வருபவருக்காகக் காலியாக இருக்கும். மீதி 127.

இரண்டாம் பதிப்பின் கணக்குப்படி, விவரம் சொல்வதற்கு முன் கருவி 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. சொன்ன பிறகு 500 வரை கேட்கலாம். மின்னழுத்தம் 5 வோல்ட். ஆகவே உச்சத் திறன் 2.5 வாட். பத்தாம் வகுப்பு மின்னோட்டப் பாடத்துக்கு இதைவிடக் கைக்கெட்டிய கணக்கு வேண்டுமா?

சேர்க்கை முடிந்த பிறகு வருகைப் பதிவு. கருவி தானாகக் கத்தாது. கணினி ஒவ்வொன்றாகக் கூப்பிடும், கூப்பிட்டால் பதில் சொல்லும். விசைப்பலகையை ஒரு விநாடிக்கு நூறு தடவைக்கு மேலாகவே கூப்பிட்டுக் கேட்கும்: ‘ஏதாவது விசை அழுத்தப்பட்டதா?’

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ‘நான் விசைப்பலகை’ என்று கருவி சொன்னால், கணினி அதன் உருவத்தைக் கேட்பதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட விசைகள் இருக்கின்றனவா, பத்து விரல்களால் தட்டுகிறார்களா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ‘இடைவெளி விசை அழுத்தப்பட்டது’ என்ற செய்தி வந்தால் போதும். அதை விரல் அழுத்தியதா, முழங்கை அழுத்தியதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்போது அந்த மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்பில் எங்களிடம் இருந்தாள். மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலி. விரல்கள் சொன்னபடி கேட்காது. பேச்சு குழறும். அவள் அம்மாவுக்குப் புரியும், எங்களுக்குப் பாதி புரியும். வகுப்பில் நாற்காலி நுழைவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று அவளை வாசல் ஓரத்தில் உட்காரவைத்திருந்தோம். பாடம் கேட்பாள். தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் உண்டு. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு வகுப்பு போகும்போது அவளும் வருவாள், பின்னால் இருந்து பார்ப்பாள். சுட்டியைப் பிடிக்க முடியாது, விசையைத் தனியாக அழுத்தவும் முடியாது. ‘அவளால் முடியாது’ என்று யாரும் சொல்லவில்லை. நான் உட்பட எல்லாரும் அப்படி நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

வாரம் ஒரு நாள் வரும் சிறப்புப் பயிற்றுநர்தான் என்னிடம் கேட்டார். “சார், ஒரே ஒரு பெரிய பொத்தான் இருந்தால் போதும். இடது முழங்கையை நன்றாக அசைக்கிறாள். அதைக் கணினியோடு சேர்க்க முடியுமா?”

கடைகளில் இதற்கென்றே கருவிகள் உண்டு. ஆனால் விலை அதிகம். பள்ளியின் பழைய விசைப்பலகையைப் பிரிக்கலாம் என்றால், அது இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. நம் சிரமம் உங்களுக்குத் தெரியாததில்லை. என் வீட்டுப் பரணில் ஒரு யூ.எஸ்.பி. விசைப்பலகை கிடந்தது. டீ கொட்டி, பாதி விசைகள் செத்துப்போனது. அதை ஒன்பதாம் வகுப்பு மாணவர் நால்வரை வைத்துக்கொண்டு பிரித்தேன்.

உள்ளே ஒரு சிறு சுற்றுப்பலகை, இரண்டு நெகிழித் தாள்கள். தாள்களில் கரிக் கோடுகள். ஒவ்வொரு விசையும் ஒரு நெடுக்குக் கோடும் ஒரு குறுக்குக் கோடும் தொடும் இடம். ஆயத்தொலை வடிவியல்தான். சுற்றுப்பலகையை மட்டும் கணினியில் செருகி, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒரு கம்பித் துண்டால் இரண்டிரண்டு முனைகளாகத் தொட்டுப் பார்த்தார்கள். தொடும்போது எந்த எழுத்து வருகிறது என்று அட்டவணை போட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் இடைவெளி விசைக்கான ஜோடி கிடைத்தது. அந்த அட்டவணையை இன்னும் வைத்திருக்கிறேன்.

பொத்தானுக்கு வீட்டு அழைப்பு மணியின் சுவிட்சை எடுத்தோம். வயரைப் பற்றவைக்கப் பார்த்தால் கரிப்பூச்சில் ஈயம் ஒட்டவில்லை. சண்முகம் சாலையில் செல்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் வந்து, மெல்லிய செப்புத் தகட்டை அழுத்திப் பிடிக்கும்படி வைத்துக் கொடுத்தார். சுவிட்சின் தலை சிறியது என்பதால் அதன்மேல் ஊறுகாய் டப்பாவின் மூடியை ஒட்டினோம். எல்லாவற்றையும் ஒரு பலகையில் பொருத்தி, நாற்காலியின் கைப்பிடியில் கட்டினோம்.

விண்டோஸ் கணினியில் திரை விசைப்பலகை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதில் ‘விசைகளை வரிசையாகக் காட்டு’ என்ற ஒரு வசதியும் உண்டு. வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு அந்த வரிசையின் பகுதிகள் ஒளிரும், அழுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு விசையாக ஒளிரும், அழுத்த வேண்டும். ஓர் எழுத்துக்கு இவ்வளவு.

தமிழில் எழுத வேண்டுமே? திரையில் தெரிவது ஆங்கில எழுத்துகள். பக்கத்தில் தமிழ்99 விசைப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஒட்டினோம். இங்கே நம் சொந்த ஊர் தரநிலை ஒன்றைச் சொல்லாமல் போனால் நன்றியில்லை. ஒரு காலத்தில் தமிழ் எழுத்துருவுக்கு ஒரு விசை முறை, ஒரு குறியீடு என்று இருந்தது. ஒருவர் தட்டெழுதிக் கொடுத்த கேள்வித்தாள் இன்னொரு கணினியில் கட்டம் கட்டமாக வரும். அந்த வேதனை நமக்குப் புதிதில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் இதைப் பேசி, அதே ஆண்டு தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு முறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் முழங்கையை உயர்த்த வேண்டிய ஒரு பிள்ளைக்கு அந்த ஒரு புள்ளி எவ்வளவு பெரிய உதவி என்று அன்றுதான் உணர்ந்தேன்.

முதல் நாள். வடத்தைச் செருகினோம். கணினி ‘டிங்’ என்று ஓர் ஒலி எழுப்பியது. ‘நீ யார்’ என்று கேட்டு, ‘விசைப்பலகை’ என்ற பதிலை வாங்கிக்கொண்டது. ஊறுகாய் மூடியைப் பற்றி அது ஒன்றும் கேட்கவில்லை.

அவள் பெயரை எழுதுவாள் என்று எதிர்பார்த்து எல்லாரும் சுற்றி நின்றோம். பல தடவை தவறான வரிசையில் அழுத்தினாள். அழித்தாள். மறுபடி தொடங்கினாள். மணி அடித்தும் யாரும் நகரவில்லை. கடைசியில் திரையில் வந்தது: ‘சன்னல்’.

ஐந்தே விசைகள். ச, ன, ன, ல, புள்ளி. ‘ஜ’ எழுத வேண்டுமானால் மேல்விசையையும் சேர்த்துத் தேட வேண்டும். அதனால் ‘ச’வில் எழுதியிருக்கிறாள் போலும். ஆனால் என்ன சொல்ல வருகிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. அடுத்த சொல் ‘பக்கம்’. அப்போது புரிந்தது. அவளுக்குச் சன்னல் பக்கம் உட்கார வேண்டும். வாசல் ஓரம் பிடிக்கவில்லை. எங்கள் வசதிக்காக நாங்கள் ஒதுக்கிய இடம் அது. ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நண்பர்களே, ஒரு மலிவான கணினி எந்தக் கருவி வந்தாலும் முதலில் கேட்கிறது: ‘நீ யார், உனக்கு என்ன வேண்டும்?’ இரண்டு ஆண்டுகளில் நான் அவளிடம் அதைக் கேட்டதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். சுற்றறிக்கைகளையும் படித்திருக்கிறேன். ஆனாலும் கேட்டதில்லை.

மறுநாளே பெஞ்சுகளை நகர்த்தினோம். சன்னல் பக்கம் நாற்காலி நுழைவதற்கு ஒரு பெஞ்சை நான்கு விரற்கடை தள்ளினால் போதுமாக இருந்தது.

இனி, இப்போது மாறிக்கொண்டிருக்கும் செய்திக்கு வருகிறேன். செவ்வக முனையைத் தலைகீழாகச் செருகி, திருப்பி, மறுபடி திருப்பி, மூன்றாம் முறை சரியாகச் செருகாதவர் இங்கே யாராவது உண்டா? அப்போதே இருபுறமும் செருகும்படி செய்திருந்தால் வயரும் சுற்றும் இரட்டிப்பாகி விலை ஏறியிருக்கும் என்று அஜய் பட் பின்னாளில் விளக்கம் சொன்னார். அந்தக் குறையைத் தீர்க்க 2014இல் வந்ததுதான் டைப்-சி. இருபத்து நான்கு தொடுமுனைகள். எப்படித் திருப்பினாலும் செருகலாம். செல்பேசி, மடிக்கணினி, திரை, ஒலிவாங்கி என்று எல்லாம் இந்த ஒரே துளைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இது நம் பகுதிக்குத் தூரத்துச் செய்தி அன்று. தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொடங்கி 2014இல் நின்றது. அந்தக் காலத்தில் ‘சின்ன பின் சார்ஜர் இருக்கா?’ என்று கேட்காத வீடு உண்டா? ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் ஒரு சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய செல்பேசிகளுக்கும் டேப்லெட்களுக்கும் கேமராக்களுக்கும் டைப்-சி இருக்க வேண்டும். மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். ஆப்பிள் 2023 செப்டம்பரில் ஐபோன் 15இலேயே டைப்-சிக்கு மாறிவிட்டது. அந்த ஐபோன் ஸ்ரீபெரும்புதூரிலும் தயாரானது. அங்கெல்லாம் வேலைக்குப் போகும் பெண்கள் பலர் நம் மாணவர்களின் அக்காமார்கள். ஐரோப்பாவில் போட்ட சட்டம் அவர்கள் கையில் தினமும் வந்து நிற்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2023 ஜனவரியில் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது. அதன் தென் மண்டல அலுவலகம் தரமணியில்தான் இருக்கிறது. பள்ளிகளில் தர மன்றங்கள் தொடங்க அவர்கள் உதவுகிறார்கள் என்பதையும் தலைமையாசிரியர்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

சட்டம் எதற்கு? தூக்கி எறியப்படும், பயன்படாமல் கிடக்கும் சார்ஜர்களால் மட்டும் ஆண்டுக்கு 11,000 டன் மின்கழிவு சேர்கிறது என்பது ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு. நம் பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதையொட்டியே பெருங்குடி குப்பைக் கிடங்கு. ஆளுக்கொரு துளை வேண்டும் என்று அடம்பிடித்தால் அதன் விலை எங்கே போய்க் குவியும் என்று மாணவர்களுக்குக் காட்ட வெகுதூரம் போக வேண்டாம்.

எல்லாம் நன்மை என்று சொல்லிவிட்டு இறங்கினால் அது முழு உண்மை ஆகாது. இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது, துளை ஒன்று என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். டைப்-சி வடங்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சில, மின்சாரம் மட்டும் கடத்தும். சில, தகவலை 480 மெகாபிட் வேகத்தில் கடத்தும், சில அதைப்போல் எண்பது மடங்கு வேகத்தில். 60 வாட்டுக்கு மேல் கடத்தும் வடத்துக்குள் ஒரு சிறு சில்லு இருந்து, ‘நான் இவ்வளவு தாங்குவேன்’ என்று சொல்லும். வகுப்பில் படம் காட்டப் போய் வடம் சரியில்லாமல் பாடவேளையைத் தொலைத்தவர்கள் இருப்பீர்கள். வேலை செய்யும் வடத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி எதற்கு என்று எழுதிவையுங்கள்.

இரண்டாவது, கருவி சொல்வதைக் கணினி நம்பிவிடுகிறது. ஊறுகாய் மூடியை நம்பியதுபோலவே, பென்டிரைவ் உருவத்தில் இருக்கும் ஒரு கெட்ட பொருள் ‘நான் விசைப்பலகை’ என்று சொன்னாலும் நம்பும். அது தானாகவே கட்டளைகளைத் தட்டெழுதிவிடும். ஆகவே கீழே கிடந்த பென்டிரைவை, யாரோ கொடுத்ததை, எமிஸ் விவரங்களும் மதிப்பெண்களும் இருக்கும் கணினியில் செருகாதீர்கள். கணினி எல்லாரையும் வரவேற்கட்டும், ஆனால் வாசலில் நாம் நிற்க வேண்டும்.

கடைசியாக, வகுப்பறைக்கு மூன்று யோசனைகள். தொடக்கப் பள்ளியில், வீட்டில் உள்ள சார்ஜர் முனைகளைப் பார்த்து வரைந்துவரச் சொல்லுங்கள். எத்தனை வகை என்று கரும்பலகையில் எண்ணுங்கள். ஆறு முதல் எட்டு வரை, சேர்க்கை நாடகம் போடுங்கள். ஒரு மாணவர் கணினி, மற்றவர்கள் கருவிகள். பூச்சியத்தில் நுழைந்து எண் வாங்க வேண்டும். உயர்நிலையில், பழுதான ஒரு விசைப்பலகையைப் பிரித்து அட்டவணை போடுங்கள். செருகும் வேலையை மாணவர்களே செய்யட்டும். என் ஆய்வகத்தில் ‘தொடாதே’ அட்டையை எடுத்துவிட்டேன்.

உங்கள் வகுப்பிலும் கையசைவு குறைந்த ஒரு பிள்ளை இருக்கக்கூடும். எந்த அசைவு நன்றாக வருகிறது என்று சிறப்புப் பயிற்றுநரிடம் கேளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆலோசனை கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.

எங்கள் மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. ஊறுகாய் மூடியை இரண்டு முறை மாற்றிவிட்டோம். போன வாரம் ஓர் அறிவியல் விடையை ஒரு பக்கத்துக்குத் தட்டெழுதியிருந்தாள். அதில் இரண்டு தவறுகள். சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். மற்றவர்களுக்குப் போடுவதுபோலவே.

வீட்டுப் பரணில் யூ.எஸ்.பி. விசைப்பலகை ஏதாவது கிடந்தால் எறிந்துவிட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். அந்த அட்டவணையின் நகலையும் கொண்டுவந்திருக்கிறேன்.